மாமா நின்ற ஊர்

2009ஆம் ஆண்டு நாங்கள் ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு, செவன் கிங்ஸுக்குக் குடிவந்தோம். எனக்கு ஒன்பது வயது. அங்கே எங்கள் ஆட்கள் நிறைய, கோயில் இருக்கிறது, பிள்ளை இங்கிலீஷ் படிப்பாள் என்று அப்பா அடுக்கிய காரணங்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. அந்த ஆட்களில் ஒருவராவது என்னோடு பேசுவாரா என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகளே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்கள் தங்களுக்குள் இங்கிலீஷில் பேசிச் சிரித்தார்கள். என் ஜெர்மன் அங்கே செல்லாக்காசு. இடைவேளையில் மதிலோரம் நின்று சாண்ட்விச்சை இயன்றவரை மெதுவாகச் சாப்பிடுவேன். அது முடிந்தால் பிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

சனிக்கிழமைகள் இன்னும் மோசம். அம்மா விடியவே ஷிப்டுக்குப் போய்விடுவார். அப்பா இரவு முழுக்க பெட்ரோல் ஸ்டேஷனில் நின்றுவிட்டு வந்து மேலே நித்திரை. டிவியின் சத்தத்தைக் கூட்டக்கூடாது. படியில் தடதடவென்று இறங்கக்கூடாது. ஆனால் காலை பத்து மணியளவில் போன் அடிக்கும். அப்பா எழும்புவதற்குள் பாய்ந்து எடுப்பேன். மாமா.

அம்மாவின் ஒரே தம்பி அவர். நான் நேரில் கண்டதில்லை, குரல்தான் தெரியும். ஊரில் சண்டை முடிந்த கையோடு எப்படியோ வெளியேறி, ஆஸ்திரேலியாவுக்குப் படகேற்றிவிடுவதாகச் சொன்ன ஓர் ஏஜென்சிக்காரனை நம்பி, இந்தோனேசியாவில் ஜாவாத் தீவின் ஏதோ ஒரு கிராமத்தில் காத்திருந்தார். போலீஸ் கண்டால் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடும். இதில் எனக்குச் சொல்லப்பட்டது, மாமா இந்தோனேசியாவில் நிற்கிறார் என்பது மட்டும்தான். தென்னை மரமும் கடலும் உள்ள நாடு என்று பள்ளிப் புத்தகத்தில் படம் பார்த்திருந்தேன். மாமாவுக்கு நீண்ட விடுமுறை, கொடுத்துவைத்தவர் என்று பொறாமைப்பட்டேன்.

ஏஜென்சிக்காரனின் ஆள் சனிக்கிழமைகளில் மட்டும்தான் அவர் கையில் போனைக் கொடுப்பான். அம்மா வேலைக்குப் போகுமுன் கேள்விகளை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார். சாப்பிட்டானா, காய்ச்சல் மாறிவிட்டதா, எப்போது வெளிக்கிடுகிறான். மாமாவின் பதிலும் எப்போதும் ஒன்றுதான். “சாப்பிட்டன். மாறீட்டுது. வாற கிழமை எண்டு அம்மாட்டச் சொல்லு குஞ்சு.” அதற்குப் பிறகு மிஞ்சும் நேரம் எல்லாம் என்னுடையது.

அந்தப் பள்ளித் தவணையில் டீச்சர், வேறு நாட்டில் அதிகம் பேர் அறியாத ஒரு கிராமத்தைப் பற்றி எழுதிவரச் சொன்னார். மற்றப் பிள்ளைகள் இன்டர்நெட்டில் தேடினார்கள். எனக்கு ஆளே அங்கே நின்றார்.

“மாமா, அங்க பள்ளிக்கூடம் இருக்கோ?”

“இருக்கு. காலமை மணி அடிக்கும். பிள்ளையள் எல்லாரும் சேந்து பாட்டுப் படிக்குங்கள்.”

இப்படியே கிழமைக்குக் கிழமை என் கிராமம் வளர்ந்தது. விடியப் பள்ளிவாசலில் ஓதுவார்கள். உடனே வீட்டுக்கு வீடு முற்றம் கூட்டத் தொடங்குவார்கள். ரொட்டி விற்கிற பாண்காரன் ஒரே பாட்டைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் வருவான். பொழுதுபடப் பெடியள் வாலிபால் அடிப்பார்கள். எந்தப் பக்கம் வென்றது என்பதுகூட மாமாவுக்குத் தெரியும். இரவில் காவல் சுற்றுகிறவர்கள் மூங்கில் குழாயைத் தட்டிக்கொண்டு போவார்கள். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது வாத்து மேய்க்கிற தாராக்காரன். அறுவடை முடிந்த வயலுக்குத் தாராக்களைப் பத்திக்கொண்டு வருவான். அவன் கையில் நீளத் தடி, தடியின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் பை. தடியைச் சேற்றில் குத்திவிட்டு அவன் போய்விட்டாலும் தாராக்கள் அதைச் சுற்றியே மேயுமாம், ஒன்றுகூட விலகாதாம். மாமா அதை எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஊரின் பெயரைக் கேட்டால் மட்டும், “வாற கிழமை கேட்டுச் சொல்றன்” என்பார். மாமாவுக்கு மறதி என்று நினைத்தேன்.

ஒருநாள் நான் எழுதிக்கொண்டிருந்ததை அம்மா பார்த்துவிட்டார். முகம் வெளிறிப்போயிற்று.

“ஊரின்ர பேர் எழுதினியோ?”

“மாமா இன்னும் சொல்லேல்லை.”

“நல்லதாப் போச்சு. பாலி எண்டு எழுதிவிடு. டீச்சர்மாரும் அரசாங்க ஆக்கள்தானே, ஆர் கண்டது?”

எங்கள் வீட்டுச் சட்டம் அது. வீட்டுக் கதை எதுவானாலும் பள்ளிக்கூடத்தில் சொன்னால் அது எப்படியோ சுற்றிச்சுழன்று ஓர் ஆபீசில் போய் நிற்கும், அங்கிருந்து நேரே மாமாவின் கதவைத் தட்டும் என்று அம்மா நம்பினார். அவர் வந்த வழி அப்படி. நான் பாலி என்று எழுதினேன்.

பாலி கிராமம் அல்ல, தீவு என்று டீச்சர் திருத்தினார். பிறகு தாளை இன்னொரு தடவை வாசித்துவிட்டு, “எனக்கு இந்த ஊர் நன்றாகக் கேட்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லையே. வீடுகள் எப்படி இருக்கும்? வரைந்துகொண்டு வா” என்றார்.

அடுத்த சனிக்கிழமை கேட்டேன். “மாமா, அங்க வீடுகள் என்ன நிறம்?”

எதைக் கேட்டாலும் டக்கென்று சொல்லுகிறவர் மாமா. இந்த முறை போனுக்குள் தாராக்கள் கத்துவது எனக்கே கேட்டது.

“உனக்கு என்ன நிறம் விருப்பம்?”

“நீலம்.”

“அட, இங்க எல்லா வீடும் நீலம்தான்!”

“எல்லாமோ?”

“ஓம் குஞ்சு. பள்ளிவாசல்கூட நீலம்.”

அப்பா எழும்பிவிடுவார் என்று ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற இடத்திலேயே துள்ளினேன். உலகத்தில் எங்கோ ஓர் ஊர் முழுக்க எனக்குப் பிடித்த நிறத்தில் இருக்கிறது.

அதற்கடுத்த சனிக்கிழமை போன் அடிக்கவில்லை. மாமா படகேறிவிட்டார் என்றார் அம்மா. அந்தப் படகைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. வீடு மாறியபோதும் அம்மா அந்த நம்பரை விடவில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு, ஜாவாவில் மாமாவோடு ஒரே அறையில் இருந்து வேறு படகில் போய்த் தப்பிய ஒருவர் அம்மாவைத் தேடிப்பிடித்துக் கதைத்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். இரவில் வேனில் ஏற்றி வந்து இறக்கினார்களாம். ஊரின் பெயரை யாரும் சொல்லவில்லையாம். வெளியே கால் வைக்க விடவில்லை. ஜன்னலுக்குப் பலகை அடித்திருந்தது. பலகை இடுக்கால் தெரிந்தது ஒரு துண்டு வயல் மட்டும்தான்.

“உங்கட தம்பி கிழமை முழுக்கப் பலகையில காதை வைச்சபடி இருப்பான், அக்கா. சனிக்கிழமை மருமகள் கேப்பாள் எண்டு சொல்லுவான்.”

அம்மா அழுதார். நான் எழும்பி வெளியே போனேன்.

ஆனால் அந்த 2009இல், நீலப் பென்சில் தேயத் தேய நான் வரைந்த படத்தை டீச்சர் வகுப்புச் சுவரில் ஒட்டினார். இடைவேளைக்கு மணி அடித்ததும் ஒரு பிள்ளை அதற்கு முன்னால் நின்றாள். அதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள். எல்லா வீடும் எப்படி நீலமாக இருக்கும், பொய்தானே என்று கேட்டாள்.

நான் கொஞ்சமும் தயங்கவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் தடுமாறாமல் சொன்ன முதல் இங்கிலீஷ் வசனம் அது. பொய் இல்லை, என் மாமா தன் கண்ணாலேயே பார்த்தவர் என்றேன்.