ஒரு தபா சொன்னா போதும்

தயாளனை அறிந்த அலுவலகத்து நண்பர்களே, அவன் மனைவி மல்லிகாவின் போன் வந்தபோது நான் முகப்பேரில் ஒரு கட்டு முளைக்கீரைக்காக உலகப் போர் நடத்திக்கொண்டிருந்தேன். “அண்ணே, அவரு போய்ட்டாருண்ணே” என்றாள். எங்கே போனான் என்று கேட்டேன். பாவம், அவள் மறுபடியும் சொல்ல வேண்டியதாயிற்று. பல் தேய்க்கப் போனவன் குழாயடியிலேயே சரிந்துவிட்டானாம். நெஞ்சுவலி.

தயாளனின் வேலை என்னவென்று நூம்பலில் அவன் தெருக்காரர்களுக்குக் கடைசிவரை புரியவில்லை. அரசுத் துறைகளின் கணினிகள் ஒன்றோடொன்று பேசத் திட்டம் வகுப்பவன் அவன். கோப்பில் அதற்கு ‘என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்’ என்று பெயர். ஆர்க்கிடெக்ட் என்றதும் பக்கத்து வீட்டுக்காரர் மாடிப்படியை எந்தப் பக்கம் வைக்கலாம் என்று கேட்டார். இவன் அசரவில்லை. “மொதல்ல உங்க ஊட்ல யாரு யாரோட பேசறீங்கன்னு சொல்லு நைனா. அப்பால படி வெக்கலாம்.”

அவன் வரைந்த வரைபடத்தை விரித்தால் ஒரு முனை அம்பத்தூரிலும் மறுமுனை ஆவடியிலும் கிடக்கும். நடுவே ரயிலை நிறுத்த வேண்டிவரும். அதில் இறப்புப் பதிவிலிருந்து எல்லாத் துறைகளுக்கும் சிவப்புக் கோடுகள் ஓடின.

“இன்னாடா இது, ரத்தக் குழாய் மாதிரி கீது?” என்றேன்.

“எங்கப்பா செத்தப்போ எங்கம்மா ஒவ்வொரு ஆபீசா போய் அதையே சொல்லிச்சு மாமே. ஒவ்வொரு ஜன்னல்லயும் புச்சா அயுதுச்சு. சாவை ஒரு தபா சொன்னா போதும். மீதிய மெஷினு சொல்லிக்கட்டும்.”

அந்தக் கோடுகளுக்காக அவன் உட்கார்ந்த கூட்டங்களில் தேய்ந்த நாற்காலிகளை அடுக்கினால் இமயமலை வெட்கப்படும். ஒருமுறை ஓர் அதிகாரி, “எங்க டேட்டாவை உங்களுக்கு ஏன் சார் தரணும்?” என்று சீறினார். தயாளன் எழுந்து, “டேட்டா வேணாம் சார். ஒருத்தர் இறந்துட்டாருன்னு சேதி மட்டும் குடுங்க. சாவு சேதிக்குமா பர்மிஷன்?” என்றான். பிறகு யாரோ, “அடுத்த மீட்டிங்ல பார்க்கலாம்” என்றார்கள். அந்த அடுத்த மீட்டிங் இன்னும் கூடவில்லை. இவன்தான் முந்திக்கொண்டான்.

போன வாரம் இறப்பைப் பதிவுசெய்ய மல்லிகாவை ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். ஜன்னலுக்கு உள்ளேயிருந்த பெண் தணிவாகத்தான் கேட்டார்: “யாரும்மா தவறிட்டாங்க?” மல்லிகா வாயைத் திறந்தாள். உடனே முந்தானையால் பொத்திக்கொண்டாள். “என் மச்சான்” என்றேன் நான். அவள் என்னை அண்ணன் என்பதால் முறையும் அதுதான். கடுகைக் கொடுத்தால் பூசணியாக்கித் தருபவன் நான். அன்று அதற்குமேல் ஒரு சொல்கூடச் சேர்க்க முடியவில்லை.

“பேங்க்ல, ரேஷன்ல எல்லாம் தனித்தனியா சொல்லிடுங்க சார்” என்றார் அந்தப் பெண்.

மல்லிகா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணே, அங்கயும் நான் சொல்லணுமா?”

“நீ இன்னாத்துக்கு சொல்ற? போய் அந்தக் கடையில டீ குடி. நான் சொல்லிக்கிறேன்.”

தயாளனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்த வேலையைத்தான். அவன் கணினிகளுக்கு ஒதுக்கியதை இப்போது என் முட்டிவலிக் கால்கள் செய்கின்றன. வரிசையில் நிற்கிறேன், என் முறை வருகிறது, சொல்கிறேன். ஒவ்வொரு ஜன்னலிலும் என் மச்சான் புதிதாகச் சாகிறான், மல்லிகாவின் காதில் விழாத தூரத்தில்.