கொல்லையில் கட்டிய நாய்

என் மகள் பள்ளிக்கூடம் படிக்கும்போது மல்லாங்கிணறு பஸ் நிறுத்தத்திலிருந்து தூக்கி வந்த நாய் அது. அவள் கல்யாணமாகித் திருச்சுழிக்குப் போன பின் எங்கள் காலடியிலேயே கிடந்தது. போன வருஷம் தாடைக்கடியில் இரண்டு பக்கமும் நெல்லிக்காய் போலக் கட்டி தட்டுப்பட்டது. நன்றாகத்தான் தின்றது, ஓடியது. கொழுப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டோம். பின்னங்காலிலும் அதேபோல் கட்டி திரண்ட பிறகுதான் மதுரைக்குக் கொண்டு போனோம்.

டாக்டரம்மா கட்டியிலிருந்து துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். நிணநீர்ப் புற்றுநோய்.

"மெதுவா வளர்ற வகைதான். குணமாகாது. மாத்திரை குடுத்து அடக்கி வைக்கலாம்" என்றார்.

மனிதர்களுக்குக் கொடுக்கும் கீமோ மாத்திரைதான். உடைக்கக் கூடாது, கையுறை போட்டே தொட வேண்டும். கூடவே ஸ்டீராய்டு. என் வீட்டுக்காரர் அவித்த முட்டைக்குள் மாத்திரையைப் புதைத்து நீட்டுவார். நாய் அந்த ரப்பர் கையை வெகுநேரம் முகர்ந்துவிட்டுத்தான் வாயைத் திறக்கும். கட்டிகள் சுருங்கின. ஆனால் ஸ்டீராய்டு கொடுத்ததில் ஓயாமல் தண்ணீர் குடித்து, வாசலுக்குப் போவதற்குள் வீட்டுக்குள்ளேயே மூத்திரம் பெய்தது.

அந்தச் சமயத்தில்தான் மகள் பிரசவத்துக்கு வருவதாக இருந்தாள். டாக்டரம்மாவிடம் போனில் கேட்டேன். மூத்திரம், வாந்தி, எச்சில் எல்லாவற்றிலும் அந்த மருந்து வெளியே வரும், மாசமாக இருப்பவள் மேல் படக் கூடாது என்றார். என் வீட்டுக்காரர் கொல்லையில் வேப்பமரத்தடியில் தகரம் சாய்த்து, நாயைச் சங்கிலியில் கட்டினார்.

ஆட்டோவில் வந்து இறங்கிய மகளின் குரல் கேட்டதும் அது சங்கிலியை இழுத்து ஊளையிட்டது. அவள் நேரே கொல்லைக்குப் போனாள்.

"கிட்டப் போகாத தாயி."

"தலைய மட்டும் தடவிட்டுக் கையக் கழுவிக்கிறேம்மா."

"அது சும்மா இருக்குமா? மூஞ்சியெல்லாம் நக்கிரும்."

அவள் பிளாஸ்டிக் நாற்காலியை எட்டப் போட்டு உட்கார்ந்தாள். தினமும் மத்தியானம் அங்கிருந்தே அதனோடு பேசுவாள். சங்கிலி எட்டும் வரை வந்து, நாய் தாடையை மண்ணில் வைத்துப் படுத்திருக்கும்.

பிறகு அந்த மாத்திரையாலேயே ரத்தத்தில் வெள்ளணுக்கள் இறங்கிவிட்டன. மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். அதற்குள் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. ஊசிக்கும் அடங்கவில்லை.

"அதுக்கு வலிக்குதாப்பா?" என்று மகள் எட்ட நின்று கேட்டாள்.

"தெரியலத்தா."

அன்று சாயங்காலம் அவர் மடியிலேயே மூச்சு நின்றது. கொல்லை மண் காய்ந்து இறுகிக் கிடந்தது. கடப்பாரை போட்டுத் தோண்டிப் புதைத்தார். மண் தள்ளி முடியும் வரை மகள் அங்கேயே நின்றாள்.

பேரன் நல்லபடியாகப் பிறந்தான். பார்க்க வந்த சம்பந்தியம்மா, "பிள்ளைக்கு வர இருந்தத அந்த நாயி வாங்கிக்கிட்டுப் போயிருச்சு, நல்லதுதான்" என்றார்கள்.

"அதுக்கு ஏற்கனவே சீக்கு இருந்துச்சு அத்தை" என்றாள் மகள். பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.