தாடிக்கார அதிபரின் வரவு இடாப்பு

மாமா வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, மாறிவிட்டார் என்பதை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் அண்ணாவான அவர், போர் முடிந்த பிறகு வன்னியிலிருந்து வந்து, வெளிநாட்டில் ஹென்டர்சன் என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டுப் பின்னறையில் தங்கியிருந்தார். அங்கே பள்ளிக்கூட அதிபராக, அதாவது தலைமை ஆசிரியராக, இருந்தவர், இங்கே கிடங்கொன்றில் பெட்டி அடுக்கினார். சனிக்கிழமை காலைகளில் மட்டும் நன்றாக உடுத்திக்கொண்டு, எங்கே போகிறேன் என்று சொல்லாமல் போய்விடுவார்.

ஒருநாள் அவருடைய மேசையில் ஒரு தாடிக்காரரின் பழைய படம் கிடந்தது. கறுப்பு அங்கி, கையில் பைபிள். எடுத்துக்கொண்டு ஓடி அம்மாவிடம் காட்டினேன். உதவி செய்கிறோம் என்று வந்து ஆட்களை மதம் மாற்றிய கதைகள் அம்மாவுக்கு நிறையத் தெரியும். அப்பா சிரித்தார். அதனால் அப்பா மீதும் அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. மாமா விபூதி பூசுகிறாரா என்று பார்க்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. பூசத்தான் செய்தார். அது எங்களை ஏமாற்றுவதற்காக என்று அம்மா முடிவு செய்தாள்.

அடுத்த சனிக்கிழமை நானும் வருகிறேன் என்று ஒட்டிக்கொண்டேன். மாமா மறுக்கவில்லை. அது இன்னும் சந்தேகமாக இருந்தது. ரயிலில் போய் இறங்கி நடந்தோம். நான் நினைத்தபடியே ஒரு பாப்டிஸ்ட் தேவாலயம். அதன் பின்மண்டபத்தில் பார்வை மங்கிய ஒரு வெள்ளைக்கார மூதாட்டி காத்திருந்தார். புதிதாக வந்தவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த இடத்தில் மாமாவுக்குப் பழக்கமானவர். தாடிக்காரர் அவருடைய தாத்தாவின் அப்பா, பூட்டனாராம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் போதகராகவும் ஒரு கல்லூரியின் அதிபராகவும் இருந்தவர். அவர் கைப்பட எழுதிய குறிப்பேடுகளை மாமா வாசிக்க, மூதாட்டி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். காடு வெட்டிக் கட்டிய கல்லூரி. பிறகு உள்நாட்டுப் போர். மாணவர்கள் துப்பாக்கி தூக்கப் போக, கல்லூரி மூடப்பட்டது. மிஞ்சிய ஏழு பேருக்கு அதிபர் தன் சாப்பாட்டு மேசையில் பாடம் நடத்தினார்.

எனக்கு அலுத்துப்போன நேரத்தில் மாமா அந்தக் குறிப்பேட்டை மூடிவிட்டு, தன் பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தார். அதிலிருந்து தமிழ்ப் பெயர்களை ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். தமிழ் தெரியாத மூதாட்டி தலை குனிந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஒப்பித்தேன். அம்மாவின் முகம் வெளிறியது. ஞானஸ்நானம் கொடுக்கப்போகிறவர்களின் பட்டியல்தான் அது என்றாள்.

அடுத்த வாரம் என்னையும் இழுத்துக்கொண்டு அம்மா அந்த மண்டபத்துக்குள் நுழைந்தபோது, மாமா பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார்.

"ஆரின்ர பேர் அண்ணை இதெல்லாம்? ஆரை மாத்தப் போறியள்?"

மாமா கொப்பியை மூடவில்லை. "என்ர பள்ளிக்கூடப் பிள்ளையள். கடைசிச் சண்டையில துலைஞ்சு போனதுகள்."

மாமா தாடிக்காரரின் குறிப்பேட்டைத் தொட்டுக் காட்டினார்.

"இந்த மனுசன் சண்டைக்குப் போய்த் திரும்பி வராத பெடியளையும் பேர் பதியிற இடாப்பில இருந்து வெட்டேல்லை. காலமை காலமை பேர் கூப்பிட்டிருக்கிறார். என்ர இடாப்பு எரிஞ்சு போச்சு. ஞாபகம் இருக்கிறதை எழுதி வச்சிருக்கிறன்."

அம்மா மூதாட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "வாசியுங்கோ" என்றாள். தர்சினி என்ற பெயர் வந்தபோது, "ஊரில எங்கட பக்கத்து வீட்டுப் பிள்ளையெல்லோ?" என்று கேட்டாள். மாமா ஓம் என்றார். அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

எனக்குக் கோபமாக இருந்தது. இவ்வளவும் நான் கண்டுபிடித்தும், ஒரு சண்டையும் நடக்கவில்லை. அம்மாவையும் மாற்றிவிட்டார்கள் என்றே தோன்றியது. திரும்பி வரும் ரயிலில், அங்கே இல்லாதவர்களின் பெயரை எதற்குக் கூப்பிடுகிறீர்கள் என்று மாமாவிடமே ஆங்கிலத்தில் கேட்டேன்.

"வரமாட்டினம் எண்டு எனக்கு ஆரும் இன்னும் சொல்லேல்லையே, பிள்ளை."

கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லாத மனிதர் எதையோ மறைக்கிறார் என்றே அன்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமையும் அவரைக் கண்காணிக்கப் போனேன்.