அப்பத்துக்கு அடிக்கல் நாட்டிய குரங்கு

இரண்டு கிழமைக்கு முன் எனக்கு ஒரு குரங்கைப் பற்றிக் கடிதம் வந்தது.

நீள உறை. மேலே 'அரச பணி' என்று அச்சடித்திருந்தது. உள்ளே ஒரே ஒரு பந்தி. 'தங்கள் பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் மேடையேறவிருக்கும் நாடகத்தில் வரும் குரங்கு யாரைக் குறிக்கின்றது என்பதை மூன்று தினங்களுக்குள் பாடசாலை அதிபர் ஊடாக எழுத்துமூலம் விளக்கவும்.'

இத்தனை வருடமாகத் தமிழ் படிப்பிக்கிறேன். பிந்தி வந்ததற்கு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். பாடக்குறிப்பு எழுதாததற்குக் கேட்டிருக்கிறார்கள். குரங்குக்கு விளக்கம் கேட்டது இதுதான் முதல் தடவை!

விஷயம் இதுதான். பதினோராம் வகுப்புக்கு அங்கதம் படிப்பிக்க வேண்டியிருந்தது. ஆளைச் சொல்லாமல் ஆளைச் சொல்வது, சிரிக்க வைத்துக்கொண்டே குத்துவது... இதற்கு வரைவிலக்கணம் எழுதிப் போட்டால் பிள்ளைகள் பாடமாக்கிச் சோதனையில் கக்கிவிட்டு மறந்துவிடுவார்கள். அதனால் ஒரு மிருகக் கதையை எடுத்து நாங்களே நாடகமாக்குவோம் என்றேன். எந்த மிருகம்?

"சிங்கம் போடுவமோ?" என்று கேட்டேன்.

"சிங்கம் வேண்டாம் டீச்சர், நாட்டுக் கொடியிலை நிக்குது" என்றாள் முன்வாங்கில் இருந்த ஒருத்தி.

சரி, புலி? பின்வாங்குப் பிள்ளை ஜன்னலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

யானை? "அது கட்சிச் சின்னம் டீச்சர்!"

பாருங்கள், பதினாறு வயதுப் பிள்ளைகள். நான் பாடத்தைத் தொடங்கும் முன்பே பாடம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இங்கே ஒரு கதைக்குள் மிருகத்தைக் கூட்டிவருவதென்றால் அதற்கும் அடையாள அட்டை பார்க்க வேண்டியிருக்கிறது.

கடைசியில் மிஞ்சியது இரண்டு பூனையும் ஒரு குரங்கும். உங்களுக்குத் தெரிந்த கதைதான். பூனைகள் ஒரு அப்பத்துக்குச் சண்டை பிடிக்கும். பங்கு பிரிக்க வந்த குரங்கு, இந்தத் துண்டு பெரிது, அந்தத் துண்டு பெரிது என்று கடித்துக் கடித்து முழுவதையும் தின்றுவிடும்.

நாடகமாக எழுதும் பொறுப்பை அபிஷா எடுத்தாள். நீர்வேலியில் வாழைத் தோட்டம் செய்கிறவரின் மகள். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை. பேனையைத் திறந்தால் வேறு ஆள்!

அவளுடைய குரங்கு சும்மா வரவில்லை. ஒன்றரை மணித்தியாலம் பிந்தி வந்தது. வெயிலில் காத்து நின்ற பூனைகள் மாலை போட்டன, பொன்னாடை போர்த்தின. குரங்கு முதல் கடி கடித்துவிட்டு, "இது ஆணைக்குழுவுக்கு" என்றது. இரண்டாம் கடி — "இது ஆணைக்குழுவை விசாரிக்கிற ஆணைக்குழுவுக்கு." அப்பம் முடிந்துபோய்ப் பூனைகள் அழுதபோது, ஒரு மேசன் கரண்டியைக் கையில் எடுத்தது. "அழாதேங்கோ. புதிய அப்பத்துக்கு இண்டைக்கே அடிக்கல் நாட்டுறன்!"

வாசித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு ஜன்னலால் வெளியே பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் பள்ளிக்கூடத்தின் பின்வளவில் விஞ்ஞான ஆய்வுகூடத்துக்கு மூன்று அடிக்கற்கள் இருக்கின்றன. மூன்று மாபிள் பலகை, மூன்று பெரிய பெயர். ஆய்வுகூடம்தான் இல்லை. பிள்ளைகள் விறாந்தையில் இரண்டு மேசை போட்டுப் பரிசோதனை செய்கிறார்கள். காற்றடித்தால் ஸ்பிரிட் லாம்பைச் சுற்றி நின்று கையால் மறைக்கிறார்கள். மூன்றாவது கல்லை நாட்டியவர்தான் இந்த வருடப் பரிசளிப்பு விழாவின் பிரதம விருந்தினர்.

ஒத்திகையை யாரோ பார்த்திருக்கிறார்கள். 'நலன்விரும்பி' என்று கையெழுத்திட்டு ஒரு மொட்டைக் கடிதம் கல்வித் திணைக்கள மேலிடத்துக்குப் போனது. மேலிடத்திலிருந்து எனக்கு அந்த நீள உறை வந்தது.

எங்கள் அதிபர் நல்ல மனுசன். பயந்த மனுசனும்கூட. "டீச்சர், குரங்கை முயலாக்கினா என்ன?" என்றார்.

"முயல் அப்பம் தின்னுமோ சேர்?"

"அப்ப அப்பத்தைக் கரட்டாக்குங்கோ..."

சிரிக்காதீர்கள். உண்மையைச் சொல்கிறேன், நானும் ஒரு நிமிடம் முயலைப் பற்றி யோசித்தேன். இடமாற்றம் என்று வந்தால் படுக்கையில் கிடக்கும் அம்மாவை யாரிடம் விட்டுவிட்டுப் போவது?

அன்று பள்ளிக்கூடம் விட்ட பிறகு அபிஷா வந்தாள். கையில் நாடகக் கொப்பி.

"டீச்சர், என்னாலை உங்களுக்கு மாற்றம் வருமாம்... பிள்ளையள் கதைக்கினம். நான் உதைக் கிழிச்சுப் போடுறன். இனி உப்பிடி எழுத மாட்டன்."

'இனி எழுத மாட்டன்.' அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது. எனக்குக் கோபம் வந்தது. அவள் மீது இல்லை. நலன்விரும்பி மீதுகூட இல்லை. முயலைப் பற்றி யோசித்த என் மீதுதான்.

"கிழிக்காதை. கொண்டா" என்று கொப்பியை வாங்கி என் கைப்பைக்குள் வைத்தேன். நடிக்கிற பிள்ளைகளிடம் பிரதி இருந்தது, ஒத்திகை நடக்கட்டும் என்றேன். அங்கேயே இருந்து பதில் எழுதினேன்.

'கதையில் வரும் குரங்கு, குரங்கையே குறிக்கின்றது. அது வேறு எவரையேனும் குறிப்பதாகத் தாங்கள் கருதினால், அன்னாரின் பெயர், பதவி, அவருக்கும் குரங்குக்கும் இடையிலான ஒற்றுமைகள் ஆகியவற்றை எழுத்துமூலம் அறியத்தரவும். அவ்வொற்றுமைகளை நாடகத்திலிருந்து நீக்கிவிடச் சித்தமாக உள்ளோம்.'

ஆனால் கடிதம் அதிபர் ஊடாகத்தானே போக வேண்டும்? அவர் சீல் குத்தாவிட்டால் அது வெறும் கடதாசி. அவர் ஒரு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தரம் வாசித்தார். எழும்பிப் போய் ஜன்னலடியில் நின்றார். அங்கே நின்று பார்த்தால் மூன்று கல்லும் தெரியும்.

"ரெண்டாவது கல்லுக்குக் குழி வெட்டினது நான்தான் டீச்சர்" என்றார். "அப்ப நான் இஞ்சை விஞ்ஞான வாத்தியார். பிள்ளையளும் நானும் சேந்து வெட்டினனாங்கள்."

திரும்பி வந்து இருந்தார். 'சிபாரிசு செய்கிறேன்' என்று எழுதினார். கையெழுத்து வைத்தார். பிறகு சீலை எடுத்து ஒரு குத்து — மேசையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பை துள்ளியது.

பதில் வரவில்லை. எப்படி வரும்? 'இந்தக் குரங்கு இன்னாரைப் போல இருக்கிறது' என்று எழுதிக் கீழே கையெழுத்து வைக்க யார் இருக்கிறார்கள்? கடைசியில் திணைக்களத்திலிருந்து ஒரு அலுவலர் போன் எடுத்தார். "டீச்சர், உந்தக் குரங்கு விஷயம்... அதை விடுங்கோ. ஃபைலை மூடியாச்சு."

அங்கதத்தின் பலமே இதுதான் போலும். அதைத் தடுக்க வருகிறவர் முதலில் அதற்கு உரை எழுத வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை விழா நடந்தது. பிரதம விருந்தினர் ஒன்றரை மணித்தியாலம் பிந்தி வந்தார். சத்தியமாக நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை! பாண்ட் வாத்தியப் பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள். மாலை, பொன்னாடை எல்லாம் ஆனது. நாடகத்தில் குரங்கு மேசன் கரண்டியை எடுத்ததும் மண்டபம் அதிர்ந்தது. அவரோடு வந்தவர்கள் மட்டும் சிரிக்கவில்லை, அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரோ விழுந்து விழுந்து சிரித்தார்.

பிறகு பேச எழும்பினார். பிள்ளைகளின் நடிப்பைப் பாராட்டினார். கடைசியாகக் கையை உயர்த்திச் சொன்னார்: "உங்கடை ஆய்வுகூடத்துக்குப் பாத்த இடம் மழைக்குத் தண்ணி நிக்கிற இடமாம். ஆனபடியா, வாற மாதம் நானே வந்து வேறை இடத்திலை புது அடிக்கல் நாட்டுவன்!"

பிறகு எழும்பிய சிரிப்பு இருக்கிறதே... மிஷன் காலத்து ஓட்டுக்கூரை அதைத் தாங்கியதே பெரிய விஷயம். அவர் அதைப் பாராட்டு என்று நினைத்துக் கும்பிட்டார்.

மேடைக்குப் பக்கத்தில் நின்ற அபிஷா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "டீச்சர், சத்தியமா உந்த வசனம் நான் எழுதேல்லை!"

கைப்பையைத் திறந்து அவளுடைய கொப்பியைக் கொடுத்தேன். "எழுது" என்றேன்.

அங்கேயே பேனையைத் திறந்தவள் நிமிர்ந்து கேட்டாள். "ரெண்டாம் பாகத்துக்கு எந்த மிருகம் டீச்சர் போடுறது?"

"அதே குரங்குதான் பிள்ளை. அதுக்குத்தான் அதிபர் சீல் குத்தியிருக்கிறார்!"