ஞாயிற்றுக்கிழமை மீன்

போன ஞாயிறு எங்கள் வீட்டுக்கு டீ குடிக்க வந்த மூன்று பேர் முன்னால் நான் ஒரு பொய் சொன்னேன். கூசாமல் சொன்னேன். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கும் உங்களுக்கு என் சந்தேக புத்தி தெரியும். வினை அங்கேதான் தொடங்கியது...

எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். கணவர் மைசூரில் குமாஸ்தா. நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சுதந்திரம் வந்த கையோடு கப்பலேறிய அவருடைய பழைய துரை, தன் தூண்டில் ராடை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். இதற்குப் புழு கிடையாது. முள்ளில் கோழி இறகைச் சுற்றிப் பூச்சி மாதிரி கட்டி, தண்ணீர்மேல் வீசி மீனை ஏமாற்ற வேண்டுமாம். ஏமாற்றுவதில் இத்தனை பொறுமை உள்ள ஆளை எந்த மனைவி நம்புவாள்?

ஞாயிறு சர்ச் முடிந்ததும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ரயில் ஏறுவார். சாயங்காலம் இரண்டு மீனோடு வருவார். நானும் சந்தோஷமாகக் குழம்பு வைப்பேன்.

ஆடியில் காவிரி கரைபுரண்டது. பரிசல்காரர்களே பரிசலைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். இவர் மட்டும் போனார். வெள்ளத்தில் ஏது மீன் என்று கேட்டேன். இழுப்புக்குப் பயந்து மீனெல்லாம் கரையோரம் ஒதுங்கும், காலடியில் வீசினாலே போதும் என்று பாடம் நடத்தினார். பதில் ரொம்பத் தயாராக இருந்தது. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை.

அன்று மீனைக் கழுவும்போது பார்த்தேன் — வாயில் முள் குத்திய காயமே இல்லை. செவுளைச் சுற்றி வலை அறுத்த கோடுதான் இருந்தது. காயத்தைப் பார்த்து விவரம் சொல்வது என் தொழில் அல்லவா? அப்படியென்றால் ஞாயிறு முழுக்க இவர் எங்கே இருக்கிறார்? யாரோடு? ஏழே மாதத்தில் என் வாழ்க்கை கையைவிட்டுப் போகிறதோ என்று பயந்தேன். வாய்விட்டுக் கேட்கவும் பயம்.

போன ஞாயிறு, டியூட்டி என்று சொல்லிவிட்டு அடுத்த ரயிலில் நானும் போனேன்.

முழங்கால் தண்ணீரில் தன்னந்தனியாக நின்று வீசிக்கொண்டிருந்தார். பக்கத்து வாய்க்காலில் வலை போடுகிறவரை விசாரித்தேன். ஆடி பிறந்ததிலிருந்து சாருக்கு ஒன்றுகூட விழவில்லை, வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வெட்கப்பட்டுத் தன்னிடம்தான் வாங்கிப் போகிறார் என்று கன்னடத்தில் சொன்னார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு கோழி இறகின் மேலா இத்தனை நாள் பொறாமைப்பட்டேன்?

அப்போதுதான் ராடு வளைந்தது. என் கணவர் சொன்னபடியே, காலடியில்! பெரிய கெண்டை ஒன்று புரண்டு, வெள்ளத்தோடு ஓடியது. கயிறு அறுந்தது. திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"டியூட்டின்னியே... யார்கூட வந்தே?" என்றார்.

தனியாகத்தான் வந்தேன் என்றேன். நம்பினாரோ இல்லையோ.

அன்று சாயங்காலம் ஆபீஸ் நண்பர்கள் டீக்கு வந்தார்கள். தப்பிய மீன் இவ்வளவு நீளம் என்று கைகளை விரித்துக் காட்டினார். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவர் விரித்த கைகளை மெதுவாக இறக்கிக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் பக்கத்துல நின்னு பார்த்தேங்க. இவர் குறைச்சுச் சொல்றார்" என்று, அவர் காட்டியதைவிட இரண்டு சாண் அதிகமாகவே கைகளை விரித்தேன். சிரிப்பு அடங்கியது.

அவர்கள் போனதும் நன்றி சொல்வார் என்று பார்த்தேன்.

"நீ இவ்ளோ சுலபமா பொய் சொல்லுவேன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

இன்று ஞாயிறு. அவர் ஆற்றுக்குப் போகவில்லை — வீட்டிலேயே உட்கார்ந்து என்னைக் கண்காணித்துக்கொண்டிருக்கிறார்!