வருவான் என்றொரு சொல்

காலங்களைத் தமது கரத்தில் வைத்திருக்கும் கர்த்தருக்குத் தோத்திரம். வருவதை அறிந்தவர் அவர் ஒருவரே; அறிந்ததாகச் சொல்லிக்கொண்டவர்களைப் படிப்பது மட்டுமே என் தொழில். பழைய ஏடுகளில் கண்ணைக் கெடுத்துக்கொண்ட தோழர்களே, இந்தத் துன்பம் உங்களுக்கும் புதிதல்ல.

உலக முடிவும் வட்ட ரயிலும்

பர்மாவின் கியாக்டடாப் பேட்டையில், எங்கள் ஆலய நூலகத்தில் அமர்ந்து, இடைக்கால ஐரோப்பியத் துறவிகளின் தீர்க்கதரிசனங்களை ஆராய்ந்து வருகிறேன். நடந்து முடிந்ததையே இனி நடக்கப்போவதாக எழுதி, பழைய தேதியிட்டவர்கள் அவர்களுள் உண்டு. உலக முடிவுக்கு ஆண்டு குறித்து, அது கடந்ததும் அடித்துவிட்டு வேறு ஆண்டு எழுதியவர்களும் உண்டு. இன்சீனிலிருந்து, நகரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் அன்றும் தாமதமாக வந்து சேர்ந்த நூலகப் பொறுப்பாளர் ஊ டேனியலிடம் இதைச் சொன்னேன்.

"நம்ம ரயிலுக்கும் அவங்கதான் நேரம் குறிக்கிறாங்க போல, சயா," என்றார். சயா என்றால் பர்மிய மொழியில் ஆசிரியர்; பெயருக்கு முன் வரும் 'ஊ' மரியாதைச் சொல்.

ஆறுதல் சொன்ன நாள்

க்யிம்யிண்டைங் படகுத்துறைச் சந்தையில் மீன் விற்கும் எஸ்தர் அம்மாள், என்னைச் சோதிடர் என்று எண்ணி ஒருநாள் வந்தார். எங்கள் நூலகத்துக்கு வந்துகொண்டிருந்த அவர் மகன் சாமுவேல், மலேசியாவுக்கு வேலைக்குப் போனவன். இரண்டு மழைக்காலமாகச் செய்தியில்லை. "நான் ஆரூடம் சொல்பவன் அல்லேன் அம்மா," என்றேன். அவர் எழவில்லை. ஏதேனும் ஆறுதல் சொல்ல எண்ணி, அவனுடைய பழைய வழக்கத்தை நினைவுகூர்ந்தேன்: "ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வருவான். அந்த ஜன்னலருகே உட்காருவான். பத்திரிகை வாசிப்பான்."

அவர் முகம் தெளிந்தது. அதைக் கலைக்கும் துணிவு எனக்கு வரவில்லை.

"எந்த ஞாயிறுன்னு கேக்க மாட்டேன் சயா. இது போதும்."

ஜன்னலருகே

அடுத்த ஞாயிறு தூக்குச்சட்டியில் சோறும் மீன்குழம்புமாக வந்து, அந்த ஜன்னலருகே அமர்ந்தார். ஆறு ஞாயிறுகள் அப்படியே சோறு ஆறிப்போயிற்று. ஏழாவது ஞாயிறு அவர் அருகில் போய் உட்கார்ந்தேன். தமிழில் 'வருவான்' என்பது இனி வருவதையும் சொல்லும், முன்பு வழக்கமாக வந்ததையும் சொல்லும். நான் சொன்னது இரண்டாவதை என்று விளக்கி, மன்னிப்புக் கேட்டேன்.

அவர் தூக்குச்சட்டியின் மூடியை முந்தானையால் துடைத்தார்.

"அன்னைக்கே வீட்டுக்குப் போற வழியில புரிஞ்சிருச்சு சயா. மத்தவங்க எல்லாரும் என் புள்ளைய வந்தான், போனான்னு முடிச்சுட்டாங்க. வருவான்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான்."

நடந்ததை நடக்கப்போவதாக எழுதிய துறவிகளை இத்தனை காலம் கண்டித்த நான், வாழ்நாளில் உரைத்த ஒரே தீர்க்கதரிசனமும் அந்த வகையைச் சேர்ந்ததாகவே போயிற்று.

இதைக் கேட்கும் ஒவ்வொருவரும் எவருக்காகக் காத்திருக்கிறீர்களோ, அவருடைய காலடிச் சத்தத்தை உங்கள் வாசலில் கர்த்தர் கேட்கப்பண்ணுவாராக.