தவமலர் மீது ஒரு முறைப்பாடும் இல்லை

07.03.2005 — முதலாம் விண்ணப்பம் — 150 பிராங்
12.10.2009 — இரண்டாம் விண்ணப்பம் — 600 பிராங்
12.10.2009 — வதிவிடச் சான்று — 20 பிராங்
19.10.2009 — கடன் வழக்கு இல்லை என்ற சான்று — 17 பிராங்
22.10.2009 — குற்றப் பதிவு இல்லை என்ற சான்று — 20 பிராங்
15.05.2010 — மொழிப் பரீட்சை — 250 பிராங்
04.02.2013 — மூன்றாம் விண்ணப்பம் — 600 பிராங்
04.02.2013 — வதிவிடச் சான்று, மறுபடியும் — 20 பிராங்
11.02.2013 — கடன் வழக்கு இல்லை என்ற சான்று, மறுபடியும் — 17 பிராங்
13.02.2013 — குற்றப் பதிவு இல்லை என்ற சான்று, மறுபடியும் — 20 பிராங்

இவ்வளவும் தவமலர் சுவிஸ் குடியுரிமைக்காகக் கட்டியவை. பற்றுச்சீட்டுகள் என்னிடம் ஒரு நீலக் கோப்பில் இருக்கின்றன. தபால் முத்திரைச் செலவைச் சேர்க்கவில்லை. தான் குற்றம் செய்யாதவள் என்று ஒருத்தி ஒரு தடவை நிரூபித்தால் போதாது என்பதை நான் இந்தக் கோப்பிலிருந்துதான் அறிந்தேன். அந்தச் சான்றின் ஆயுள் மூன்று மாதம்.

தவமலர் இந்த நாட்டுக்கு வந்தது 06.10.1992 அன்று. அப்போது வயது இருபத்துநான்கு. முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. கூட வேலை செய்தவர்கள் ஒரு போர்த்துக்கல்காரியும் ஓர் அல்பேனியக்காரியும். மூவரும் தங்களுக்குள் ஒரு ஜெர்மன் பேசினார்கள். அது அந்தச் சமையலறையைத் தாண்டி எவருக்கும் விளங்காது. கணவன் 2003இல் பாரிசுக்குப் போனான். அதைப் பற்றி என்னிடம் பதிவு எதுவும் இல்லை. மகள் அபிதா இங்கே பிறந்தவள்.

தவமலருக்குக் குடியுரிமை வேண்டியது வாக்குப்போட அல்ல. அவளிடம் இருந்தது அகதிகளுக்கான பயணப் பத்திரம். அதில் எல்லா நாடுகளுக்கும் போகலாம், இலங்கையைத் தவிர என்று அச்சடித்திருக்கும். சுன்னாகத்தில் அவளுடைய தகப்பன், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் நாகலிங்கம், இரண்டு கண்ணிலும் புரை வளர்த்துக்கொண்டிருந்தார். வெட்டினால் சரியாகிவிடும். அவர் வெட்டமாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய தொலைபேசிக் குரல் எனக்கே கேட்கும். நான் இருப்பது சுவருக்கு இந்தப் பக்கம்.

"எடி பிள்ளை, உங்கட ஆக்கள் மணிக்கூடு செய்யிறவையெண்டு சொன்னாங்கள். ஒரு கையெழுத்துப் போட இவ்வளவு நேரமோ?"

"அப்பா, நீங்கள் முதல்ல கண்ணைக் காட்டுங்கோ. நான் காசு அனுப்புறன்."

"நீ வந்து ஆசுப்பத்திரி வாசல்ல நில். அப்பத்தான் நான் படுப்பன். உன்ர தம்பியை நம்பி நான் கண்ணைக் குடுக்கமாட்டன். சைக்கிளைக் குடுத்தே இன்னும் திரும்பி வரேல்லை."

விண்ணப்பிக்கப் பன்னிரண்டு வருடம் இந்த நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். தவமலருக்கு அது 06.10.2004 அன்று நிறைவாகியது. அதற்கு ஐந்து நாள் முன்பு, 01.10.2004, வெள்ளிக்கிழமை, மகளுக்கு ஓர் அறை கூடுதலாக வேண்டுமென்று ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு வீடு மாறினாள். எங்கள் கட்டடத்தின் நான்காம் மாடி, என் பக்கத்து வீடு. பழைய வாசலிலிருந்து புதிய வாசலுக்கு நானூற்றுப் பன்னிரண்டு அடி எடுத்துவைக்க வேண்டும். நானே நடந்து எண்ணினேன்.

முதலாம் விண்ணப்பம் பதினொரு நாளில் திரும்பி வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் வேறு கிராமசபை. இந்தக் கிராமசபையில் ஐந்து வருடம் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். விண்ணப்பதாரி வசித்தது ஐந்து மாதம். 150 பிராங் திருப்பித் தரப்படமாட்டாது.

"அதே தண்ணி, அதே பஸ், அதே சுப்பர்மார்க்கெட்," என்றாள் தவமலர். "ஜன்னலால எட்டிப் பாத்தா என்ர பழைய ஜன்னல் தெரியுது ஐயா."

"தெரியும் பிள்ளை. ஆனா பதிவு வேற."

அன்று நான் அவளுக்கு ஓர் அறிவுரை சொன்னேன். பதின்மூன்று வருடம் இந்தக் கட்டடத்தில் இருந்தவன் என்ற துணிவில் சொன்னேன். "இந்த அஞ்சு வருசமும் ஒருத்தற்ற வாயிலயும் விழாமல் இரும். ஒரு முறைப்பாடு வந்தாலும் அவன் கோப்பில போடுவான்."

அவள் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டாள். கதிரைக் கால்களுக்குக் கம்பளித் துண்டு ஒட்டினாள். அபிதா வீட்டுக்குள் தடித்த காலுறையோடு திரிந்தாள். பத்து மணிக்குப் பிறகு கழிவறைத் தண்ணீர் இழுக்கப்படவில்லை. கருவாடு மாதம் ஒருமுறை, அதுவும் காற்று ஓடைப் பக்கம் வீசும் நாளில். படிக்கட்டில் காலடி கேட்டால் அது போய் முடியும்வரை கதவுக்குப் பின்னால் நிற்பாள். ஆகஸ்ட் முதலாம் திகதி, இந்த நாட்டின் தேசிய தினத்தில், முற்றத்தில் எல்லோரும் இறைச்சி சுட்டுக் குடிக்கும்போது வீட்டில் விளக்கைக்கூடப் போடமாட்டாள். இடைஞ்சல் இல்லாத மனுசி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

சலவை அறையைச் சொல்ல வேண்டும். எங்கள் கட்டடத்தில் பன்னிரண்டு வீடு, நிலவறையில் ஒரு சலவை இயந்திரம். ஞாயிறு கிடையாது. ஆக, ஒரு வீட்டுக்குப் பதினான்கு நாளுக்கு ஒரு நாள். யாருக்கு எந்த நாள் என்ற அட்டவணையை எழுதி, சுவரில் ஒட்டி, பழையதைக் கழற்றிப் பத்திரப்படுத்துவது 1996 முதல் என் பொறுப்பு. யாழ்ப்பாணத்தில் காணிப் பதிவகத்தில் எழுதுவினைஞனாக இருந்தவனுக்கு அது பெரிய வேலையல்ல. தவமலரின் நாள் ஒன்றுவிட்ட புதன்கிழமை. யாராவது அந்த நாளைத் தனக்குக் கேட்டு அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டால், அடுத்த நாள் அவள் தன் பெயரை வெட்டிவிடுவாள். கதைக்கவேண்டிய தேவையே வராது.

இரண்டாம் விண்ணப்பத்தோடு நானாகவே ஒரு பக்கம் இணைத்து அனுப்பினேன். பிறகு, நேர்காணலுக்கு முதல் நாள், கணக்கைப் புதுப்பித்துக் கையில் கொடுத்துவிட்டேன். சலவை நாட்கள் 159. பிறருக்கு விட்டுக்கொடுத்தவை 47. தவமலர் மீது முறைப்பாடு 0.

நேர்காணல் 09.11.2010, செவ்வாய்க்கிழமை. மூன்று பேர் கொண்ட குழு. தலைவர் ஸ்ட்ரூப், மரம் அரிந்து விற்கும் மரக்காலை ஒன்றின் முதலாளி, நல்ல மனிதர். நான் சுவரோரம் வாய் திறக்காமல் உட்கார அனுமதிக்கப்பட்டேன். ஆறு, ஏரி, மாநிலம், குப்பைப் பை என்ன நிறம், எல்லாவற்றுக்கும் தவமலர் சரியாகப் பதில் சொன்னாள். பிறகு ஸ்ட்ரூப் கேட்டார்:

"உங்கட கட்டடத்தில ரெண்டு பேரின்ர பேர் சொல்லுங்கோ பாப்பம்."

அவள் பதினொரு வீட்டுப் பெயரையும் சலவை நாளோடு சொன்னாள். திங்கள் ரம்சையர், செவ்வாய் வூத்ரிச் என்று வரிசையாக.

"நல்லது. அவையளுக்கு உங்களைத் தெரியுமோ?"

தவமலர் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"நாங்கள் மூண்டு பேரிட்ட விசாரிச்சனாங்கள்," என்றார் ஸ்ட்ரூப். "ரெண்டு பேருக்கு ஆளைத் தெரியாது. மூண்டாம் மாடியில இருக்கிற அம்மா, தனக்கு மேல வெறும் வீடு எண்டு சொல்லுறா."

20.01.2011 அன்று கடிதம் வந்தது. உள்ளூர் வாழ்வோடு விண்ணப்பதாரிக்கு எந்தத் தொடர்பும் காணப்படவில்லை. இரண்டு வருடத்துக்குப் பிறகு மீண்டும் விண்ணப்பிக்கலாம். ஆதாரம், இணைப்பு 9. இணைப்பு 9 என்பது நான் எழுதிய பக்கம். முறைப்பாடு 0 என்ற இடத்தில் யாரோ அடிக்கோடு இட்டிருந்தார்கள்.

தவமலர் அழவில்லை. கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டு, "பச்சைத்தண்ணி மாதிரி இருந்தன் ஐயா," என்றாள். "இப்ப தண்ணிக்கு நிறமில்லையாம்."

"பிழை என்ர பிள்ளை."

"உங்கட பிழையுந்தான்," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். ஆறு வருடத்தில் அந்த வீட்டுக் கதவுச் சத்தம் எனக்குக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த ஞாயிறு தகப்பன் கேட்டார்: "ஏனாம்? களவெடுத்தனியோ?"

"இல்லையப்பா. சத்தம் போடேல்லையாம்."

"அப்ப போடன். சின்னனில என்னோட போட்டனிதானே."

16.03.2011, புதன்கிழமை, காலை. நான் புதிய அட்டவணை ஒட்ட நிலவறைக்குப் போயிருந்தேன். தவமலரின் நாள். அவளுடைய ஈரத் துணிகள் ஒரு கூடையில் தரையில் கிடந்தன. இயந்திரத்துக்குள் வேறு துணி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மூன்றாம் மாடி ரம்சையர் அம்மா, வயது எழுபத்திரண்டு, கை கட்டி நின்றார். தவமலர் படியிறங்கி வந்தாள், கூடையைப் பார்த்தாள், இயந்திரத்தை நிறுத்தினாள்.

"இண்டைக்கு ஆற்ற நாள்?"

"அட்டவணையில வேற பேர்தான் கிடக்கு," என்றார் ரம்சையர். "ஆனா அந்தாள் எப்பவும் வெளியூர். கேள்விக்குறி போட்டா விட்டுத் தாற ஆள். நீர் ஏன் நிப்பாட்டினீர்? கூட்டித் துடைக்க வந்தனீரெண்டா அதைச் செய்யும்."

"நான்தான் அந்தாள்."

"எந்தாள்?"

"புதன்கிழமை. நாலாம் மாடி. உங்கட தலைக்கு மேல ஆறு வருசமா இருக்கிறன்."

ரம்சையர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "மேல வெறும் வீடெல்லோ."

"வெறும் வீடில்லை. நாங்கள் ரெண்டு பேர் இருக்கிறம், செத்துப்போன ஆக்கள் மாதிரி, உங்களுக்கு நித்திரை குழம்பக்கூடாதெண்டு. நீங்கள் போய் அங்க வெறும் வீடெண்டு சொல்லிப்போட்டியள். அதால என்ர அப்பாவின்ர கண் போகுது. இனி நான் ஒரு புதனும் விடமாட்டன். இந்தாங்கோ உங்கட துணி."

ரம்சையர் தன் நனைந்த தலையணை உறைகளைக் கையில் வாங்கினார். இப்படி ஒருவர் அவரோடு பேசிப் பல வருடம் ஆகியிருக்க வேண்டும்.

"அப்பான்ர கண்ணுக்கும் எனக்கும் என்ன?" என்று கேட்டார்.

தவமலர் சொன்னாள். கால் மணிநேரம் எடுத்தது. கோபத்தில் அவளுடைய ஜெர்மன் சமையலறை ஜெர்மனாகவே வந்தது.

"நீர் வினைச்சொல்லை எல்லாம் கண்ட இடத்தில போடுறீர்," என்றார் ரம்சையர் முடிவில். "அதோட, துணி உலர்த்திற மிசினில பஞ்சை நீர் வடிவா எடுக்கிறேல்லை. இதை நான் எழுதித்தான் குடுப்பன்."

"எழுதுங்கோ. நானும் எழுதுவன்."

எழுதினார்கள். 2011 மார்ச்சுக்கும் 2013 டிசம்பருக்கும் இடையில் ரம்சையர் தவமலர் மீது கொடுத்த எழுத்து முறைப்பாடுகள் 11. தவமலர் ரம்சையர் மீது 7. எல்லாம் என் வழியாகத்தான் போக வேண்டும். என் கோப்பு தடித்தது, என் பொறுமை மெலிந்தது. பஞ்சு, சவர்க்காரத் தூள், படிக்கட்டில் ஈரக் குடை, வெள்ளிக்கிழமை மணம். தவமலரின் முறைப்பாடுகள் ரம்சையரிடம் போய்த் திரும்பும்போது அவற்றின் பிழைகள் சிவப்பு மையால் திருத்தப்பட்டிருக்கும். திருத்தியதை அவள் மறுபடியும் சுத்தமாக எழுதிக் கொடுப்பாள். வெள்ளிக்கிழமை மணம் பற்றிய மூன்றாவது முறைப்பாட்டுக்குப் பிறகு ஒரு தட்டில் நான்கு வடை மூன்றாம் மாடிக்குப் போனது. நான்காவது முறைப்பாடு, வடை ஆறியிருந்தது என்பது. கம்பளித் துண்டுகள் கதிரைக் கால்களிலிருந்து எப்போது கழன்றன என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியைத் தவிர, என் சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்கள் வாழ்கிற சத்தம் எனக்கே அப்போதுதான் காதில் பட்டது.

தகப்பனுக்கு ஒரு கண் முற்றாக மறைந்தது. மற்றதில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. "பறவாயில்லை, பிள்ளையின்ர சத்தம் வருதுதானே," என்றார். கத்தி வைக்க அப்போதும் சம்மதிக்கவில்லை.

மூன்றாம் விண்ணப்பத்தின் நேர்காணல் 11.03.2014, செவ்வாய்க்கிழமை. இந்தத் தடவை நான் எந்தப் பக்கத்தையும் இணைக்கவில்லை. ஆனால் ஸ்ட்ரூப்பின் முன்னால் ஒரு கற்றை இருந்தது. ரம்சையர் அனுப்பியது, தான் கொடுத்த பதினொரு முறைப்பாட்டின் பிரதியும், அவற்றோடு தன் கைப்பட ஒரு கடிதமும். ஸ்ட்ரூப் அதை உரக்க வாசித்தார். இந்தப் பெண்ணைத் தனக்கு நன்றாகத் தெரியும் என்றும், பிடிவாதக்காரி என்றும், சலவை அறை விதிகளைத் தன்னைவிட இறுக்கமாகப் பிடிப்பவள் என்றும், அதைத் தன்னால் மன்னிக்க முடியவில்லை என்றும் எழுதியிருந்தது. பஞ்சு விடயம் இன்னும் தீரவில்லை. தன் இடுப்பு முறிந்த 2012 ஜனவரியில் ஆறு வாரம் சமைத்துத் தந்தது யார் என்று குழு கேட்டால் தான் சொல்லுவாராம், கேட்காவிட்டால் அது தங்கள் இருவருக்கும் உரிய விடயமாம்.

ஸ்ட்ரூப் தாளைக் கீழே வைத்தார். "உங்களுக்கு மேல பதினொரு முறைப்பாடு இருக்கு, அம்மா."

"ஓம். நான் ஏழு குடுத்தனான். அதையும் சேருங்கோ."

"பஞ்சு?"

"பஞ்சு நான் எடுக்கிறனான். அவவுக்குக் கண் தெரியிறேல்லை. அவவுக்கும் புரை. வெட்டச் சொன்னா அவவும் கேக்கிறா இல்லை."

குழுவில் இருந்த மற்ற இருவரும் எழுதிக்கொண்டார்கள். கேள்வி வேறு கேட்கப்படவில்லை.

அதற்குப் பிறகு பதினான்கு வாரம். தவமலர் தபால் பெட்டியைத் திறக்கும் சத்தம் முதலில் ஒரு நாளைக்கு ஒரு தடவையும் பிறகு மூன்று தடவையும் கேட்டது. கடைசியில் பெட்டியில் இரண்டு கடிதம் ஒன்றாகக் கிடந்தன. ஒன்று ரம்சையரின் பன்னிரண்டாவது முறைப்பாடு, பொருள்: பஞ்சு. மற்றது கிராமசபையின் முத்திரையோடு, குடியுரிமை வழங்கப்பட்டது என்று இரண்டே வரியில். தவமலர் இரண்டையும் திகதியிட்டுக் கோப்பில் போடும்படி என்னிடம் தந்துவிட்டு, சுன்னாகத்துக்குத் தொலைபேசி எடுக்க மேலே ஓடினாள். படிக்கட்டு முழுவதும் அதிர்ந்தது.

வந்து சேர்ந்த திகதி: 17.06.2014, செவ்வாய்க்கிழமை, முற்பகல் 10.20.